வயர்லெஸ்காரனுக்கு ஒரு வரி

மார்ச் 3, செவ்வாய்

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. காலையில் வருகிறேன் என்று பிளம்பர் சொன்னார். எந்த நாள் காலை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மதியத்துக்கு மேல் மாப்பிள்ளையே வாஷரை மாற்றிவிட்டார். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஸ்பேனரைத் துடைத்து எடுத்த இடத்திலேயே வைத்தார். இந்த வீட்டில் என்னைத் தவிர அப்படிச் செய்யும் முதல் மனிதர். என் கணவர், பாவம், இருந்த வரை கத்தரிக்கோலை எங்காவது வைத்துவிட்டு எங்கே என்று என்னையே கேட்பார்.

மாப்பிள்ளை இங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது. படையிலிருந்து விடுவித்து அனுப்பிச் சில மாதங்கள். ஏன் இங்கே வந்தார் என்பதை எழுத இதுவரை கை வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

பேத்தியை எல்லோரும் சுண்டெலி என்றுதான் கூப்பிடுகிறோம். ஐந்து வயது, எந்த இடுக்கிலும் நுழைந்துகொள்வாள். அன்று துணி அலமாரிக்குள் ஒளிந்து விளையாடியிருக்கிறாள். இவர் தேடியிருக்கிறார். திடீரென்று என்ன ஆயிற்றோ, அலமாரிக் கதவைப் பிய்த்து, அவளை வெளியே இழுத்து, தோளைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கிவிட்டார். குழந்தை நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். அன்றிலிருந்து அப்பா இருக்கும் அறைக்குள் கால் வைப்பதில்லை.

“அவரேதாம்மா சொன்னாரு, நான் இங்க இருக்கக் கூடாதுன்னு. வேற எங்க அனுப்புறது? நீங்க இருக்கீங்கன்னுதான்...” என்றாள் மகள்.

அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல். ஏப்ரல் கடைசியில் போக வேண்டும். இவர் கூட வருகிறாரா, அவளும் குழந்தையும் மட்டும்தானா என்று தெரிந்தால்தான் வீடு பார்க்க முடியுமாம். அழுதிருந்தால் எனக்குப் பரவாயில்லை. ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்துச் சொல்வாளே, அதே குரலில் சொன்னாள்.

மார்ச் 5, வியாழன்

நூலகர் பிடித்துக்கொண்டார். இம்மாத வாசகர் வட்டத்தில் நான் பேச வேண்டுமாம். தலைப்பை அவரே முடிவு செய்துவிட்டார்: “இலக்கியத்தில் போர், இலக்கியத்தில் படைவீரன்.”

“வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?”

“நீங்க பேசினா யாரும் தூங்க மாட்டாங்க மேடம்.”

“தூங்கினா எழுப்பிவிடுவேன்னு அவங்களுக்குத் தெரியும்.”

மூன்று நாவல்களைக் கட்டிக் கொடுத்தார். ‘சரி’ என்றதற்குக் காரணம் வாசகர் வட்டம் அல்ல, அதை இங்கேயாவது ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்து அறையில் ஒரு படைவீரர் இருக்கிறார், அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைப் புத்தகத்தில் தேடு என்றுதான் கான்வென்டில் சொல்லிக் கொடுத்தார்கள்.

மார்ச் 7, சனி

முதல் நாவல் முடிந்தது. கதாநாயகனுக்குத் தொண்டையில் குண்டு பாய்கிறது. அதன் பிறகு ஒன்றரைப் பக்கம் பேசுகிறான்! தாய்நாடு, தாய், காதலி, மாலைச் சூரியன், ஒன்றையும் விடவில்லை. தொண்டை நன்றாக இருந்த முந்நூறு பக்கத்தில் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. அவன் பூட்ஸில் ஒரு முறையாவது தண்ணீர் போனதா? பசித்ததா? வயிறு கெட்டதா? ஆசிரியருக்கு அதெல்லாம் அகௌரவம் போலிருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

இரண்டாவது கொஞ்சம் தேவலை. போரிலிருந்து திரும்பியவன் கதை. இரவில் அலறி எழுகிறான். கதவு அறைந்தால் கட்டிலுக்கு அடியில் பதுங்குகிறான். கடைசியில் ஒரு மழை இரவில் எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டி அழுகிறான். விடிகிறது. பறவைகள் கத்துகின்றன. சுபம்.

சரி, இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நானும் ஏற்பாடு செய்துகொண்டேன். படுக்கைக்குப் பக்கத்தில் டார்ச், மூடி போட்ட தம்ளரில் தண்ணீர். அலறல் கேட்டால் எழுந்து போய் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்தேன். மனிதர் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறார். காலையில் அந்தத் தண்ணீரை நானே குடித்தேன்.

இன்னொன்று. அவர் நல்ல பிள்ளைதான், ஆனால் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் குரல் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. “அத்தை” என்று சமையலறையிலிருந்து ஒரு குரல். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். நான் பதில் சொல்வதில்லை. பேச வேண்டியவர்தான் கேட்பவரிடம் நடந்து வர வேண்டும், சுவர் தாண்டிக் கூவுவது சந்தையில். கான்வென்ட் சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். திருமணமாகியும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் கணவர் குளித்துவிட்டுத் துண்டு கேட்டுக் கூவுவார், கூவுவார், கடைசியில் சொட்டச் சொட்டக் கூடத்தைத் தாண்டி நடந்து போய் அவரே எடுத்துக்கொள்வார். மாப்பிள்ளையும் மூன்றாவது குரலுக்குப் பிறகு நேரில் வந்து நிற்கிறார். பழகிக்கொள்வார்.

வரும்போது முகம் மட்டும் ஏன் அப்படி வெளுத்திருக்கிறது? ரத்தசோகையோ என்னவோ. முட்டை கூட ஒன்று கொடுக்க வேண்டும்.

மார்ச் 12, வியாழன்

காலைச் சிற்றுண்டியின்போது தெருவில் ‘டமார்’ என்று ஒரு சத்தம். நான் கோப்பையைக் கீழே போட்டேன். நல்ல கோப்பை, செட்டில் ஒன்று. புத்தகத்தின்படி அவர் மேசைக்கு அடியில் போயிருக்க வேண்டும். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, “லாரி டயர், அத்தை. பின்சக்கரம். அசையாதீங்க, கண்ணாடி குத்திடும்” என்றார். அவரே துடைப்பம் எடுத்து வந்து பெருக்கினார்.

நாவலாசிரியரைப் பார்த்தால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

தொலைபேசி மணி ஒரு முறை அடிப்பதற்குள் எடுத்துவிடுகிறார், வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும். இன்று வந்தது தவறான எண். யாரோ ஒரு பெரியவர் அடுப்பு பழுது பார்க்கும் கடையைக் கேட்டார். நானாக இருந்தால் ‘ராங் நம்பர்’ என்று வைத்திருப்பேன். இவர் அடுப்பில் என்ன கோளாறு என்று விசாரித்து, பர்னரைக் கழற்றிக் கழுவும் விதம் சொல்லி, அந்தப் பக்கம் வைத்த பிறகுதான் ரிசீவரை வைத்தார்.

“தெரிஞ்சவரா?” என்றேன்.

“இல்ல அத்தை. பேசிக்கிட்டு இருக்கறப்ப எப்படி வைக்கறது?”

கவனித்துவிட்டேன்: மகளிடம் பேசினாலும் இவர் முதலில் வைப்பதில்லை. அவள் வைக்கும் வரை காதோடு பிடித்துக்கொண்டு நிற்கிறார். குழந்தை பேச வருவதில்லை. அவளைக் கூப்பிடச் சொல்லி இவரும் கேட்க மாட்டார்.

மார்ச் 18, புதன்

மூன்றாவது புத்தகம் வேறு சாதி. போருக்குப் போன ஒருவரே எழுதியது. அலங்காரம் கிடையாது. ஈரக் காலுறை, பேன், காத்திருப்பு, மறுபடி காத்திருப்பு. சண்டை மொத்தம் பதினைந்து பக்கம்கூட வராது. படித்துவிட்டுக் கூடத்து மேசையில் வைத்திருந்தேன். திரும்பி வந்தால் மாப்பிள்ளை கையில் அது.

“எப்படி இருக்கு?” என்றேன். நேர்காணலுக்குப் போன பெண் மாதிரி நின்றேன்.

“நல்லா எழுதியிருக்காரு. பேன் கரெக்ட்.” சிரித்தார். பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். “எங்க ஆளைப் பாருங்க. மொத்தப் புத்தகத்துலயும் ஒரே வரி.”

“வயர்லெஸ்காரன் தலைமையகத்துக்குத் தகவல் அனுப்பினான்” என்று இருந்தது.

அவர் வயர்லெஸில் இருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணத்தின்போது ‘படையில் இருக்கிறார்’ என்றார்கள். நான் துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் என்ன வேலை என்று ஒரு முறை கேட்டதில்லை.

“அனுப்பினான்னு போட்டுட்டாரு. பதில் வந்துச்சான்னு போடலையே” என்றார். புத்தகத்தை மூடி, விளிம்போடு விளிம்பு பொருத்தி வைத்துவிட்டு எழுந்து போனார்.

மார்ச் 20, வெள்ளி

எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்.

குளியலறையில் இருந்தேன். நல்ல வேளை, உடுத்தி முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். வெளியே “அத்தை” என்று குரல். மற்ற அறையிலிருந்தே பதில் சொல்லாதவள் குளியலறையிலிருந்தா சொல்வேன்? பேசாமல் இருந்தேன். மறுபடி “அத்தை.” மறுபடி. குரல் உயரவே இல்லை, அதுதான் விசித்திரம். ஒரே அளவு, ஒரே இடைவெளி, யந்திரம் மாதிரி. எனக்கும் பிடிவாதம் ஏறிவிட்டது. கூப்பிடட்டும், எத்தனை நேரம் கூப்பிடுகிறார் பார்ப்போம் என்று—

தாழ்ப்பாள் பிய்ந்து என் காலடியில் விழுந்தது. வாசலில் நிற்கிறார். என்னைப் பார்க்கிறார், ஆனால் என்னை மட்டும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

“என்ன இது! வெளியே போங்க!”

நான் வேலை பார்த்த காலத்தில் டைரக்டர்களே எழுந்து நின்ற குரல் அது. போய்விட்டார். அறைக்குள் பையின் ஜிப் இழுக்கும் சத்தம். வந்து நின்றார், பையோடு. “மன்னிச்சிடுங்க அத்தை. நான் எந்த வீட்டுலயும் இருக்கக் கூடாது.”

நான் என்ன சொன்னேன்? “தாழ்ப்பாளை யார் மாத்துவா? மாத்திட்டுப் போங்க.” இதைத்தான் சொன்னேன். வேற என்ன சொல்ல? போகாதீங்கன்னு சொல்லத் தெரியலையே எனக்கு. இந்த வாய்க்கு அது வரவே வராது. கடை மூடியிருக்கும், காலையில்தான் வாங்க முடியும் என்று மட்டும் சேர்த்துச் சொன்னேன். மணி அப்போது நாலரை. எந்தக் கடை நாலரைக்கு மூடுகிறது? அவருக்கும் தெரியும்.

பையை வைத்துவிட்டார்.

மார்ச் 21, சனி

காலையிலேயே போய்ப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்தார். அவர் திருகாணி முடுக்க, நான் சாஸரில் மற்றத் திருகாணிகளை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பளிச்சென்ற வெயில், பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் சத்தம். மழையும் இல்லை, இரவும் இல்லை.

“நேத்து எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“டீ போடவான்னு கேக்க.”

“டீக்காகவா கதவை உடைச்சீங்க?”

கொஞ்சம் சிரித்தார். கதவைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார், திருப்புளி நிற்கவில்லை.

“மலை மேல ஒரு காவல் போஸ்ட் இருந்துச்சு அத்தை. நாலு பேரு. நான் கீழ, வயர்லெஸ்ல. மணிக்கு ஒரு தடவை கூப்பிடணும், அவங்க பதில் சொல்லணும். அவ்வளவுதான் என் வேலை. அதுல ஒரு பய ஒழுங்கா பதிலே சொல்ல மாட்டான். ‘தாங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை’ம்பான், போன்ல வர்ற அந்தப் பொம்பளைக் குரல்லயே. திட்டுவேன், சிரிப்பான். ஒரு நாள் மத்தியானம் கூப்பிட்டேன், பதில் இல்ல. விளையாடறான்னு நினைச்சேன். அதனால ரெண்டாவது தடவை கூப்பிடவே கொஞ்சம் லேட் பண்ணிட்டேன்.”

திருகாணி கேட்டுக் கையை நீட்டினார். கொடுத்தேன்.

“அப்புறம் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். மறுநாள் சாயங்காலம் வரைக்கும். மேல போய்ப் பாத்தவங்க எறங்கி வந்து, போதும், செட்டை நிறுத்துன்னு சொல்ற வரைக்கும்.”

“நீங்க கூப்பிட்டது அவங்களுக்குக் கேட்டிருக்குமா?”

“அதான் தெரியல. அவங்க செட்டு உடையல, ஓடிக்கிட்டுதான் இருந்துச்சாம். யாராவது கொஞ்ச நேரம் உயிரோட கிடந்திருந்தா கேட்டிருக்கும். பதில் சொல்ல முடியாம... தெரியாது அத்தை. யாருக்கும் தெரியாது.”

நாவலாக இருந்தால் கடைசி அத்தியாயத்தில் யாராவது வந்து சொல்லியிருப்பார்கள்.

“அன்னைக்கும் சுண்டெலி பதில் சொல்லல. ஒளிஞ்ச புள்ள எப்படிச் சொல்லும்? எனக்கே தெரியும். தெரிஞ்சே கை அதுபாட்டுக்குப் போயிடுச்சு.” திருப்புளி நின்றது. “நான் ஒரு தோட்டாகூடச் சுடல அத்தை. என்னை நோக்கி யாரும் சுடல. கூடாரத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். எனக்கென்ன வந்துச்சு? உங்க புத்தகத்துல இருக்கறவங்களுக்கெல்லாம் ஒரு காரணம் இருக்கு.”

“அவங்க உங்களை எழுதாம விட்டது புத்தகத்தோட குறை” என்றேன். “உங்க குறை இல்ல.”

பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும். சிஸ்டர்கள் பாடத்தைச் சொன்னேன். சுவர் தாண்டிக் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை என்றேன்.

திரும்பிப் பார்த்தார். “அப்ப... இத்தனை நாளும் காதுல விழுந்துதான் பேசாம இருந்தீங்களா?”

“ஆமாம்.”

“மரியாதைக்காகவா?”

“ஆமாம்!”

திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, குளியலறைப் படியில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. சாஸரை வைத்துக்கொண்டு நானும் நின்றேன்.

என் கணவருக்காவது ஒரு முறை பதில் கொடுத்திருக்கலாமோ? இல்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவது அவர் பொறுப்பு.

மார்ச் 22, ஞாயிறு

இன்று காலை, சமையலறையிலிருந்து: “அத்தை?”

படுக்கையறையிலிருந்து, நான்: “இருக்கேன்!”

அறுபது வருடமாகப் பூட்டி வைத்த குரல். எவ்வளவு சத்தமாக வைக்க வேண்டும் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டம்மா ஜன்னலில் தலையை நீட்டினாள். “என்னங்க ஆச்சு? விழுந்துட்டீங்களா?”

“பதில் சொன்னேன்” என்றேன்.

மார்ச் 23, திங்கள்

இருக்கேன். இருக்கேன். மாடியில் இருக்கேன். குளிச்சுட்டு இருக்கேன். வாயில் பல்பொடியோடு ஒரு முறை. சிஸ்டர்கள் மன்னிப்பார்களாக.

மார்ச் 25, புதன்

முகம் வெளுப்பது நின்றிருக்கிறது. நான் சாதித்துவிட்டேன் என்ற நினைப்பில், “இனிமே வீட்டுக்குப் போகலாமே. குழந்தைகிட்ட சொல்லிவைப்போம், அப்பா கூப்பிட்டா உடனே பதில் சொல்லணும்னு” என்றேன்.

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். “வேண்டாம் அத்தை. அது ஒளியணும். கூப்பிட்டா பேசாம வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கணும். என் பயத்துக்காக அது ஒளியாம வளரக் கூடாது.”

அப்படியானால் போகவே மாட்டாரா? மகள் நேற்றும் கேட்டாள். மே முதல் வாரத்துக்குள் அவள் அங்கே வேலையில் சேர வேண்டும். வீட்டுக்காரரிடம் ஒரு அறை வீடா, இரண்டு அறை வீடா என்று சொல்ல வேண்டுமாம். நான் “பொறு” என்றேன். எதற்குப் பொறு என்கிறேன் என்று எனக்கே தெரியாது. புத்தகத்தில் கொட்டி அழுத மறுநாள் எல்லாம் சரியாகிவிடுகிறது. இங்கே தாழ்ப்பாள்தான் சரியாகியிருக்கிறது.

மார்ச் 28, சனி

பேசிவிட்டு வந்தேன். எழுதி வைத்திருந்த பதினோரு பக்கத்தையும் கைப்பையை விட்டு எடுக்கவே இல்லை.

நம் எழுத்தாளர்கள் சாகும் வீரனை நிறையப் பேச விடுகிறார்கள், உயிரோடு திரும்பியவனை அலற மட்டும் விடுகிறார்கள் என்றேன். போரைத் துப்பாக்கிக்கு முன்னால் நிற்பவன், பின்னால் நிற்பவன் என்று இரண்டு பேரோடு முடித்துவிடுகிறார்கள். சமைத்தவன், வண்டி ஓட்டியவன், காதில் கருவியை மாட்டிக்கொண்டு யாருடைய குரலுக்காகவோ காத்திருந்தவன், இவர்களுக்கு ஆளுக்கு ஒரு வரி. அந்த ஒரு வரிக்காரர்களும் வீட்டுக்குத்தான் திரும்புகிறார்கள். அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் எந்தப் புத்தகத்தைப் பார்த்து அவர்களைப் புரிந்துகொள்வது? நல்ல புத்தகம் என்று நான் சொல்வது, பேனையும் காத்திருப்பையும் எழுதியதைத்தான். அதிலும் வயர்லெஸ்காரன் அனுப்பினான் என்று இருக்கிறது, அதற்குப் பதில் வந்ததா என்று இல்லை.

யாரும் தூங்கவில்லை. ஓய்வு பெற்ற வக்கீல் எழுந்தார். குறுக்கு விசாரணைப் பழக்கம் இன்னும் போகவில்லை. “ரொம்ப நுணுக்கமா சொன்னீங்க. உங்க வீட்டுல யாராவது...?”

“படிப்புதான்” என்றேன். அது அவருடைய கதை. மேடையில் கடை விரிக்க எனக்கு என்ன உரிமை?

வெளியே வந்தால் படிக்கட்டில் மாப்பிள்ளை. ஜன்னலோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என் கைப்பையை வாங்கிக்கொண்டார். இதுவரை நான் யாரிடமும் கைப்பையைக் கொடுத்ததில்லை.

வீட்டு வாசலில், “அவளை அடுத்த வாரம் வரச் சொல்லுங்க அத்தை. சுண்டெலியையும். நான் பேசாம ஒரு ஓரமா இருக்கேன். அது இருக்கற வீட்டுல ஒரு நாள் இருந்து பாக்கறேன்” என்றார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும், ஒன்றும் விட்டுவிடக் கூடாது.

நேற்று மாலை மகளும் குழந்தையும் வந்தார்கள். சுண்டெலி அம்மாவின் முந்தானைக்குள்ளிருந்தே வணக்கம் சொன்னாள். மாப்பிள்ளை சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. குழந்தை சமையலறைப் பக்கம் போகவில்லை. ராத்திரிச் சாப்பாடு கூட இரண்டு பந்தி. மகள் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

இன்று காலை குழந்தைக்குப் பொழுது போகவில்லை. “பாட்டி, நீங்க ஒளிங்க.”

“பாட்டி முழங்கால் ஒளியாது. அது கத்தும்.”

“அம்மா?”

“அம்மா துணி மடிக்கறேன்டா கண்ணு.”

கொஞ்ச நேரம் கூடத்தின் நடுவில் நின்றாள். பிறகு சமையலறை வாசல் வரை போய், உள்ளே பார்க்காமல், கதவு நிலையிடம் சொல்வது போலச் சொன்னாள்: “அப்பா தேட வேண்டாம். அப்பா ஒளியட்டும். நான் தேடறேன்.”

மகள் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குழந்தை சுவரில் முகம் பதித்து எண்ண ஆரம்பித்தாள், ஆறு ஏழுக்கு அப்புறம் பத்து. அவர் கூடத்து ஜன்னல் திரைக்குப் பின்னால் போனார். எனக்கு நாலடி தூரம். திரைக்குக் கீழே இரண்டு பெரிய பாதங்கள்.

“அப்பா!” என்று கூப்பிட்டாள்.

“இருக்கேன்” என்றது திரை.

சுண்டெலிக்கு வந்ததே கோபம்! திரையைப் பிடித்து இழுத்து, இடுப்பில் கை வைத்து, “ஐயோ அப்பா! உனக்கு ஒளியவே தெரியல! கூப்பிட்டா பதில் சொல்லக் கூடாது! மூச்சே விடக் கூடாது! மறுபடி மொதல்லேர்ந்து!”

தோளைப் பிடித்து உலுக்கியவரை அவள் இப்போது உலுக்கிக்கொண்டிருந்தாள், சட்டை நுனியைப் பிடித்து. பயப்பட அவளுக்கு நேரமில்லை. ஆட்டம் கெட்டுவிட்டது.

மறுபடி எண்ணினாள். மறுபடி அதே திரை. அவருக்கு வேறு இடமும் தெரியவில்லை, பாவம். “அப்பா.” பதில் இல்லை. “அப்பா, எங்க இருக்க?” பதில் இல்லை. மேசைக்கு அடியில் பார்த்தாள், என் நாற்காலிக்குப் பின்னால் பார்த்தாள், வேண்டுமென்றே திரைப் பக்கம் பார்க்கவில்லை, ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடுமே. “அப்பா... அப்பா...” என் வாயில் ‘இருக்கேன்’ வந்துவிட்டது, கடித்துக்கொண்டேன். திரை லேசாக நடுங்கியது. உள்ளேயிருந்து ஒரு கை அதைப் பிடித்திருந்தது, விரல் கணுக்கள் துணிக்கு மேல் தெரிந்தன. அவர் பேசவில்லை.

கடைசியில் குனிந்து அந்தப் பெரிய கட்டை விரலைத் தொட்டாள். “கண்டுபிடிச்சாச்சு!”

திரையை விலக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் ஈரம்.

“அழறியா? தோத்துட்டேன்னா?”

“இல்லடா. நீ கூப்பிட்டது கேட்டுச்சு.”

“எத்தனை வாட்டி?”

“அத்தனையும். ஒண்ணு விடாம கேட்டுச்சு.”

“பின்ன? நான் சத்தமாத்தானே கூப்பிட்டேன்” என்றாள் சுண்டெலி. அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அடுத்த ஆட்டத்துக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள்.

நான் எழுந்து மாடிக்குப் போனேன். துணி எடுக்க. கொடியில் துணி எதுவும் இல்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

காலை வண்டியில் மூவரும் புறப்பட்டார்கள். இரண்டு அறை வீடு. மாப்பிள்ளை என் காலில் விழப் போனார், அதெல்லாம் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று நினைக்கிறேன், வண்டி ஹார்ன் அடிக்கும் வரை.

ஏப்ரல் 27, திங்கள்

வீடு சுத்தமாக இருக்கிறது.

மே 3, ஞாயிறு

மகள் தொலைபேசியில் பேசினாள். புது ஆய்வுக்கூடம் பரவாயில்லை, தண்ணீர்தான் உப்பு. மாப்பிள்ளைக்கு ராத்திரியில் இப்போது தூக்கம் கொஞ்சம் குறைவு, மருத்துவர் ஒருவரைப் பார்க்கிறார், வாரம் ஒரு முறை. யாராவது வர நேரமானால் இன்னமும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறாராம். சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், “அப்புறம்மா, நேத்து சுண்டெலி ஒளிஞ்சுட்டா. நான் கடைக்குப் போயிருந்தேன். வீட்டுல அவரு மட்டும்தான்” என்றாள்.

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“கூப்பிட்டாரா?”

“கூப்பிட்டாராம். நாலு தடவை. பதில் இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னம்மா,” என்றாள், “தேடினாரு.”